டப்பாவில் போட்ட விலைக்கு மேல் ஆயிலுக்கு வரி உண்டா?

கேள்வி: தினமும் ஸ்கூட்டரில் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். சென்ற வாரம் வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். பில்லில் ஆயில் 380, அதற்கு ஜி.எஸ்.டி. 68.40, லேபர் 150, கன்ஸ்யூமபிள்ஸ் 60 என்று போட்டு, மொத்தம் 658 ரூபாய் 40 காசு வாங்கிவிட்டார்கள். "ஆயில் விலை ஏறிடுச்சுக்கா" என்றார் மெக்கானிக். காலி டப்பாவை வாங்கிப் பார்த்தேன், எம்.ஆர்.பி.யே 380தான். இந்தக் கணக்கு சரியா?
– வாசகி, மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: சரியில்லை அம்மா. டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே 'அனைத்து வரிகளும் உட்பட' என்று அச்சிட்டிருப்பார்கள். ஆயிலுக்கான 18 சதவீத வரி அந்த 380க்குள்ளேயே அடக்கம். முறையாக பில் போட்டால் ஆயில் 322.03, வரி 57.97, ஆக 380 என்றுதான் வரவேண்டும். உங்கள் ஊர் பால்கோவா பெட்டியில் போட்டிருக்கும் விலைக்கு மேல் வரி கேட்டால் கொடுப்பீர்களா? ஆயிலுக்கும் அதே நியாயம்தான். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பதை 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் தடை செய்கின்றன.

லேபர் வேறு விஷயம். அது வேலைக்கான கூலி. அதற்குத் தனியாக ஜி.எஸ்.டி. போடலாம். ஆனால் வரி வாங்கும் கடையின் பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு செய்த கடை என்றால் அது 33 என்று தொடங்கும். பதிவு செய்யாத கடை ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கன்ஸ்யூமபிள்ஸ் 60 எதற்கு என்று கேளுங்கள். கிரீஸ், வாஷர் என்று பொருளைச் சொன்னால் கொடுக்கலாம். சொல்ல முடியாவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சீல் உங்கள் கண்முன் உடையட்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எத்தனை மில்லி, எந்த கிரேடு என்று இருக்கும்; அதைப் பார்த்து வாங்குங்கள். பைக்கில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடுவதால் ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற தரக்குறியீடு உள்ள ஆயில் வேண்டும். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதற்கு எம்.பி. வகை. பேரலிலிருந்து ஊற்றினால் லிட்டர் என்ன விலை, எத்தனை மில்லி ஊற்றினார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் போலி ஆயில் நிரப்பி விற்க முடியாது.

இறக்கிய ஆயிலின் கறுப்பைக் காட்டி, "இன்னும் சீக்கிரம் மாத்தணும்க்கா" என்பார்கள். பயப்படாதீர்கள். என்ஜினுக்குள் சேரும் கரியைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வது நல்ல ஆயிலின் வேலை, அதனால்தான் கறுக்கிறது. எப்போது மாற்றுவது என்பதைப் புத்தகம் சொல்லும் கிலோமீட்டரும் மாதமும் தீர்மானிக்கட்டும்.

மெக்கானிக்கை எதிரியாகப் பார்க்க வேண்டாம். கடை வாடகை, கரண்ட் பில், பையன்களுக்குச் சம்பளம் எல்லாம் அவருக்கும் உண்டு. மொத்த விலைக்கும் எம்.ஆர்.பி.க்கும் நடுவில் இருக்கும் லாபமும் அவருக்குச் சேர வேண்டியதுதான். 150 கட்டுப்படியாகவில்லை என்றால் லேபர் 200 என்று போர்டில் எழுதிவைக்கட்டும். மனம் நிறைந்து கொடுப்போம். கூலியை ஆயிலுக்குள் ஒளித்து, அதற்கு வரி என்று பெயர் வைப்பதுதான் தப்பு.

முதலில் பில்லையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போய், அந்த 68 ரூபாய் 40 காசைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். நம் மாநிலத்தில் எம்.ஆர்.பி. புகார்களைத் தொழிலாளர் துறை விசாரிக்கிறது, அங்கேயும் எழுதலாம். தொகை சின்னதுதான். ஆனால் நீங்கள் கேட்டு வாங்கினால், உங்களுக்குப் பின்னால் அந்தக் கடையில் வண்டி விடுகிறவர்களின் பில்லும் சரியாகும்.