கொல்லம் ஹோமில் அக்கா மகன்: அழைத்துவர என்ன வழி?

கேள்வி: என் அக்கா இறந்துவிட்டார். அத்தான் சவுதியில் வேலை பார்க்கிறார். அவர்கள் மகனைச் சின்ன வயதிலிருந்து நான்தான் வளர்க்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கிறான். செல்போன் தகராறில் கோபத்தில் கை நீட்டிவிட்டேன். அன்றைக்கே தென்காசியில் ரயில் ஏறிப் போய்விட்டான். இலத்தூர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். மறுநாள் கொல்லம் ஸ்டேஷனில் போலீசார் பிடித்து ஹோமில் விட்டிருப்பதாகத் தகவல் வந்தது. ஓடிப்போய் நின்றால், ‘நீங்க அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல, தமிழ்நாட்டிலிருந்து ரிப்போர்ட் வரட்டும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் ஆகிறது. ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டால் உடனே விட்டுவிடுவார்கள் என்கிறார் ஒருவர். போடலாமா?
- வாசகர், இலத்தூர்

பதில்: போடாதீர்கள். சட்டவிரோதக் காவலுக்குத்தான் ஆட்கொணர்வு மனு. உங்கள் பையன் கொல்லம் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி ஹோமில் இருக்கிறான். அந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. மனு பெரும்பாலும் நிற்காது, வக்கீல் ஃபீஸ்தான் மிச்சம். அவன் மேல் வழக்கும் கிடையாது. 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி அவன் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, அவ்வளவே.

நீங்கள் கொல்லத்துக்கு அலைகிறீர்கள்; ஆனால் காகிதம் தென்காசியில்தான் நிற்கிறது. வேறு மாவட்டத்துக் குழந்தை என்று தெரிந்தால், சொந்த மாவட்டக் குழுவைக் கலந்துகொண்டுதான் அனுப்ப வேண்டும் என்கிறது 95-ஆவது பிரிவு. மாநிலம் விட்டு மாநிலம் என்றாலும் இதே பிரிவுதான். கொல்லத்திலிருந்து கேட்பார்கள், இங்கிருந்து ஓர் அலுவலர் உங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை அனுப்ப வேண்டும். எல்லையிலுள்ள ஆரியங்காவைத் தாண்டினால் ஆபீஸ் மொழி மாறிவிடுகிறது. கடிதம் மேஜையில் கிடந்தால் யாரும் கேட்பதில்லை.

ஆகவே முதலில் தென்காசியில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். கொல்லம் குழுவின் கடிதம் வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால், கொல்லம் குழு அதை மின்னஞ்சலில் அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியின் படிப்புச் சான்றிதழ், பையனின் ஆதார், அவன் பெயருள்ள ரேஷன் கார்டு, அக்காவின் இறப்புச் சான்றிதழ், புகார் ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். அத்தானிடமிருந்து, மகனை உங்களிடம் ஒப்படைக்கச் சம்மதம் என்ற கடிதம் அவசியம். ரியாத் இந்தியத் தூதரகத்திலோ ஜித்தா துணைத் தூதரகத்திலோ சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொல்லுங்கள். தாய், தகப்பன் மட்டும்தான் பாதுகாவலர் என்று சட்டம் சொல்லவில்லை. உண்மையில் யார் பொறுப்பில் குழந்தை வளர்ந்ததோ, அவரையும் குழு பாதுகாவலராக ஏற்கலாம்.

கை நீட்டியதை மறைக்காதீர்கள். பையன் கவுன்சலரிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பான். விசாரிக்க வருகிறவரிடம் நீங்கள் ‘தொட்டதே இல்லை’ என்றால் அறிக்கை கெட்டுப்போகும். அவன் திரும்பி வர விரும்புகிறானா என்று குழு அவனைத்தான் கேட்கும், அதில் தவறில்லை. ஹோமில் அனுமதி வாங்கி அவனைப் பாருங்கள், பேசுங்கள். புத்திமதி மட்டும் வேண்டாம்.

அறிக்கை திருப்தியாக இருந்தால், குழு அங்கேயே உங்கள் கையில் ஒப்படைக்கலாம். அல்லது இங்குள்ள குழுவுக்கு அனுப்பலாம். அனுப்புவதானால், உத்தரவு கிடைத்த 15 நாளுக்குள் சிறப்புச் சிறார் காவல் பிரிவு துணைக்கு ஆள் போட்டு அழைத்துவர வேண்டும். துணைக்கு வருகிறவரின் பயணப்படி அரசுச் செலவு. டீசலுக்கு என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். விசாரணையை முடித்து இறுதி உத்தரவு போட குழுவுக்கு நான்கு மாதம் அவகாசம் இருக்கிறது. அதைச் சாக்காக வைத்து இழுத்தால், குழுவின் மீதான புகாரைக் கேட்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு (27-ஆவது பிரிவு). கொல்லம் ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். உத்தரவே உங்களுக்கு எதிராக வந்தால், 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு.

இன்னொன்று. காணாமல் போன குழந்தை பற்றிய புகாருக்கு முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 10-ல் உத்தரவிட்டது. உங்கள் புகாருக்கும் பதிந்திருப்பார்கள். பையன் வீடு வந்ததும் இலத்தூர் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் வாக்குமூலம் கொடுத்து, வழக்கை முடித்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காவல்துறைப் பதிவில் அவன் காணாமல் போனவனாகவே இருப்பான்.