சுளுக்கு, தண்ணீர், பச்சை முட்டை: மைதானத்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாவட்டப் போட்டி நெருங்கிவிட்டால் பள்ளி மைதானத்தில் வைத்தியர்கள் பெருகிவிடுவார்கள். சீனியர் அண்ணன், பக்கத்து வீட்டு மாமா, போன வருடம் மாநிலப் போட்டிவரை போனவனின் அப்பா என்று ஆளுக்கொரு யோசனை. சில யோசனைகள் வெறும் வேடிக்கை. சில, வளரும் உடம்பைக் காலத்துக்கும் கெடுத்துவிடும்.

நம்பிக்கை: கணுக்கால் பிசகினால் எண்ணெய் போட்டு நீவினால் போதும்.

பெரியவர்களுக்கே இது நல்லதல்ல. பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளையின் நீண்ட எலும்புகளில், முனையை ஒட்டிக் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14, 15 வயதிலும் பையன்களுக்கு 16, 17 வயதிலும் அது எலும்பாக மாறி மூடிக்கொள்ளும். அதுவரை, மூட்டைப் பிணைத்திருக்கும் நார்களைவிட அந்தத் தட்டுக்குத்தான் வலு குறைவு. பெரியவருக்கு நார் பிய்யும் அதே திருகலில் பிள்ளைக்குத் தட்டு உடையலாம். வெளியே இரண்டுக்கும் ஒரே வீக்கம், ஒரே வலி.

குழந்தைகளின் எலும்பு முறிவுகளில் 15 முதல் 30 சதவீதம் இந்தத் தட்டில்தான் நேர்கின்றன. அங்கே கட்டைவிரலால் அழுத்தி உருவினால், விலகாத முறிவும் விலகிவிடும். சரியாகக் கவனிக்காவிட்டால் கால் கோணலாக வளரலாம், ஒரு கால் குட்டையாகவும் போகலாம். பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து: வீங்குகிற இடத்தை இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசையே செத்துப்போகும்.

கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட ஒரு விதி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கணுக்கால் வலியோடு நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பைத் தொட்டால் வலிக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதுவரை துணியில் சுற்றிய ஐஸ், காலுக்கு அடியில் ஒரு தலையணை. நீவல் வேண்டாம்.

நம்பிக்கை: ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும்.

மடமடவென்று ஒரு சொம்பைக் காலி செய்தால் பிடிக்கலாம்; இடையிடையே சில மடக்குக் குடித்தால் பிடிக்காது. தாகத்தை அடக்குவது ஒரு பயிற்சி என்று நினைக்கும் பயிற்சியாளர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உடம்பு தாகத்துக்குப் பழகுவதே இல்லை. வெயிலுக்குப் பழகும், அதற்கும் 10 முதல் 14 நாட்கள் ஆகும். கோடை விடுமுறை முழுக்க வீட்டில் இருந்தவனை ஜூன் முதல் வாரமே பத்து ரவுண்டு ஓடவிடுவது சரியல்ல.

இதனோடு ஒட்டிய இன்னொரு தவறான எண்ணம், வியர்வை கொட்டுகிறவனுக்கு வெப்பத்தாக்கு வராது என்பது. ஓட்டத்தால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். பார்க்க வேண்டியது வேறு: தள்ளாடுகிறானா, சம்பந்தமில்லாமல் பேசுகிறானா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா? அப்போது உள்ளுடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கக்கூடும். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே குளிர்விக்க வேண்டும். தொட்டி இருந்தால் தலையை மேலே தாங்கிப் பிடித்துக் கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமர்த்துங்கள். இல்லையென்றால் குடம் குடமாக ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவன் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நம்பிக்கை: மயக்கம் போடவில்லை, அதனால் தலையில் பட்ட அடி ஒன்றுமில்லை.

கபடியில் தலை தரையில் மோதி எழுந்தவன் மறுபடி ரைடு போவதைக் கைதட்டி ரசிக்கிறோம். மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலானோர் நினைவிழப்பதே இல்லை. தலைவலி, குமட்டல், கண்கூசல், ஸ்கோர் மறந்துபோதல், எது இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி பட்டு, மூளை வீங்கி உயிரே போன சிறுவர்கள் உண்டு.

பச்சை முட்டைதான் பலம் என்பவர்களுக்கு இரண்டே வரி. பெல்ஜியத்தில் 1998இல் வெளியான ஆய்வில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51தான். சத்துணவில் போடும் அவித்த முட்டையே மேல்.

எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்பதும் பொய். சொல்லித்தர ஆள் இருந்து, அளவான எடையில் செய்தால் எலும்புக்கு வலுதான்.

நம்பிக்கை: ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது சகஜம்.

இதைச் சொல்லவே கூச்சப்படுகிறோம், அதனால்தான் இது நீடிக்கிறது. மூன்று மாதம் வரவில்லையென்றால், பெரும்பாலும் உழைப்புக்கு ஈடான சாப்பாடு உள்ளே போகவில்லை என்று பொருள். எலும்பு பலப்பட வேண்டிய வயதில் அது பலவீனப்படுகிறது. ரத்தத்தையும் கவனிக்க வேண்டும்: தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்குகிறவளைச் சோம்பேறி என்று திட்டும் முன் ஹீமோகுளோபின் பார்க்கலாம். வாரம் ஒருமுறை பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா என்றும் கேட்கலாம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் காயங்களைக் கவனிக்கவே தனிப் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார். இங்கே அந்தச் சுமையும் பி.டி. சார் தலையில்தான். தலைமை ஆசிரியர்களே, அவருக்கு ஓர் ஐஸ் பெட்டியும் நிழலில் ஒரு தண்ணீர் கேனும் கொடுங்கள். பெற்றோர்களே, "இன்றைக்கு இவன் ஆட வேண்டாம்" என்று அவர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள்.