பழைய மோட்டார் வண்டியில் எண்ணெய்த் தொட்டிக் கசிவு

உத்தர்பாராத் தொழிற்சாலையில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை செய்யப்பட்டு வந்த அம்பாஸடர் மோட்டார் வண்டிகளைச் சில குடும்பங்களில் இன்னும் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அவற்றுள் 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் பொருத்தியவற்றில், இரவு நிறுத்திய இடத்தில் காலையில் எண்ணெய்த் துளிகள் காணப்படுவது சகஜம். உடனே உடையவர் வண்டிக்கடியில் புகுந்து, எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டுகளைப் பலங்கொண்டமட்டும் முடுக்குகிறார். இரண்டொரு நாள் கசிவு நின்றாற்போல் தோன்றிப் பின்னர் முன்னிலும் அதிகமாகிறது.

இதற்குக் காரணம் உண்டு. ஒர்க்ஷாப்புகளில் ‘சம்ப்’ என்று சொல்லப்படும் இத்தொட்டி மெல்லிய தகட்டாலானது. எஞ்சினின் உடலோ கனத்த வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் இடையே தக்கைக் கேஸ்கட்டு இருக்கிறது. தக்கையை அளவாக அழுத்தினால் மேடு பள்ளங்களை நிரப்பி எண்ணெயைத் தடுக்கும். அளவு மீறினால் பிதுங்கி வெடித்துவிடும். அன்றியும், துவாரங்களைச் சுற்றியுள்ள தகடு மேல்நோக்கி வளைந்து, இரு போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட விளிம்பு தொய்ந்துபோகிறது. எண்ணெய் வெளிவருவது அந்த இடைவெளி வழியாகவே. இந்தப் போல்ட்டுகளுக்கு 6 அடி-பவுண்டு முறுக்கே போதும். குட்டை ஸ்பானரை மணிக்கட்டின் பலத்தால் மட்டும் திருப்பினால் ஏறக்குறைய அவ்வளவு வரும்.

தொட்டியைக் கழற்றுமுன் கசிவு அங்கேதானா என்று நிச்சயித்தல் அவசியம். மேலேயுள்ள ராக்கர் மூடியிலோ பக்கவாட்டுத் தாப்பெட் மூடிகளிலோ புறப்படும் எண்ணெயும் வழிந்துவந்து தொட்டியின் விளிம்பில்தான் தொங்கும். எஞ்சின் நன்றாக ஆறியபின் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவி, முற்றிலும் உலரவிட்டு, சாக்குக்கட்டித் தூளைத் தூவிக் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தால், முதலில் நனையும் இடம் தெரிந்துவிடும். தாப்பெட் மூடியிலிருந்து வரும் சுவாசக் குழாய் அழுக்கால் அடைபட்டிருப்பின், உள்ளே அழுத்தம் மிகுந்து எல்லா இணைப்புகளிலும் எண்ணெய் வெளிப்படும். அதைச் சுத்தம் செய்வதற்குச் செலவே இல்லை. ஆதலால் முதலில் செய்யத்தக்கது அதுவே.

துளிகள் கிளட்ச் கூண்டின் அடியிலுள்ள சிறு துவாரத்திலிருந்து விழுமானால் விஷயம் வேறு. இவ்வகை எஞ்சினில் கிராங்க் ஷாப்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகு மரைபோன்ற பள்ளமே எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த எஞ்சினில் இது முழுமையாகத் தடுக்காது. தொட்டிக்கு எத்தனை புதுக் கேஸ்கட்டு போட்டாலும் இக்கசிவு நிற்காதென்பதை அறியாமல் பணம் இழந்தவர் பலர். கிளட்ச் வழுக்காதவரையில், எண்ணெய் மட்டத்தைத் தவறாது பார்த்துக்கொண்டு வண்டியை உபயோகிக்கலாம்.

கேஸ்கட்டே குற்றவாளியென்று தெரிந்தால், வண்டியைச் சமதரையில் உயர்த்தி உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தல் உயிருக்கே ஆபத்து. வெதுவெதுப்பான எண்ணெயை வடித்து, தொட்டியை இறக்கி, பழைய தக்கையை மழுங்கிய தகட்டால் சுரண்டியெடுக்க வேண்டும். பம்பின் சல்லடையையும் அப்பொழுதே கழுவிவிடலாம். விளிம்பை இரும்புப் பாளத்தின்மேல் வைத்து, மேலெழுந்த துவாரங்களைச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்துவதே இவ்வேலையில் பிரதானம். அவசரக்கார மெக்கானிக்குகள் தள்ளிவிடுவதும் இதைத்தான்.

புதுக் கேஸ்கட்டு பக்கங்களுக்கு இரண்டு நீண்ட துண்டுகளாகவும், முன்பின் பேரிங் மூடிகளுக்கு இரண்டு குறுந்தக்கைகளாகவும் இருக்கும். கடையில் நெடுநாள் கிடந்து சுருங்கிய தக்கையைச் சற்றுநேரம் நீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்கு மீளும். குறுந்தக்கைகளின் நுனி சற்றே மேலெழுந்து நிற்க வேண்டும். நீண்ட துண்டுகளோடு அவை கூடும் நான்கு மூலைகளிலும் சிறிது கேஸ்கட்டுப் பசை தடவுவது நலம். போல்ட்டுகளை முதலில் கையால் பூட்டி, பின் நடுவிலிருந்து இருபுறமும் மாறிமாறிச் சிறுகச் சிறுக முடுக்க வேண்டும். ஒருநாள் ஓடி ஆறியபின் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும்.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ ஊற்றலாகாது. மூடியுள்ள தகரத்தில் சேர்த்துவைத்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிட வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் அவசியம். பழைய எஞ்சின் எண்ணெய் தோலில் நெடுங்காலம் பட்டுவருவது புற்றுநோய்க்கு இடந்தரும்.