பரிசுத் தொகைக்கு முன்னால் எழுத வேண்டியது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய அழைப்பின் வரைவைப் படித்தேன். கல்விக்காக ஒரு ஹேக்கத்தான் நடத்த வேண்டும், அதற்கு ஊரில் இருக்கும் லினக்ஸ், பைத்தான் குழுக்காரர்களைக் கூப்பிட வேண்டும் என்று உங்கள் வகுப்பில் யாருக்குத் தோன்றியதோ, நல்ல எண்ணம்தான். ஆனால் வரைவில் பரிசுத் தொகை இருக்கிறது, டி-ஷர்ட் இருக்கிறது, ராத்திரி பிரியாணிகூட இருக்கிறது. எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதுதான் இல்லை. ‘கல்வியில் புதுமை’ என்று ஒரு வரியோடு நின்றுவிட்டது. மணமக்கள் பெயரை விட்டுவிட்டுப் பந்தி விவரத்தை மட்டும் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

நீ கூப்பிடுகிறவர்கள் வாரம் முழுக்கச் சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறவர்கள். டி-ஷர்ட் அவர்கள் வீட்டு பீரோவில் நிறையவே இருக்கும். சனி, ஞாயிறை உனக்குக் கொடுப்பதற்கு முன் அவர்கள் மனத்தில் ஓடுவது வேறு கேள்விகள். நாங்கள் எழுதுவதை யார் பயன்படுத்துவார்கள்? திங்கட்கிழமை அது என்ன ஆகும்? இதற்குப் பதில் இருக்கிற கடிதத்துக்குப் பிரியாணி இல்லாமலே ஆள் வரும்.

‘ஹேக்கத்தான்’ என்று பெயர் வைத்துக்கொண்ட முதல் கூட்டங்களில் ஒன்று 1999 ஜூனில் கனடாவின் கால்கரி நகரில் நடந்தது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கூடினார்கள். குறியாக்க மென்பொருளை அமெரிக்காவிலிருந்து வெளியே அனுப்ப அன்றைக்கு ஏற்றுமதிச் சட்டம் குறுக்கே நின்றது. அதனால் அமெரிக்க மண்ணுக்கு வெளியே உட்கார்ந்து எழுதினார்கள். மேடையில் காட்டிவிட்டு மூடி வைக்கிற நிரல் இல்லை அது. ஏற்கெனவே உலகத்தில் பலர் ஓட்டிக்கொண்டிருந்த ஒன்று; எழுதியவர்களே மறுநாளும் அதைப் பராமரிக்கப் போகிறவர்கள். ஹேக்கத்தானின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. பிறகு வந்த மேடை, நடுவர், பெரிய காசோலை அட்டை எல்லாம் விளம்பரத்துறை சேர்த்தது.

நம் நாட்டில் 2017-இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானைப் பார்த்துத்தான் நீயும் 36 மணி நேரம் என்று போட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ராக்கண் விழிப்பது அல்ல. அங்கே அமைச்சகங்களும் நிறுவனங்களும் தங்கள் பிரச்சினைகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அணிகள் அவற்றைப் படித்து, தங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வருகின்றன. அதை எடுத்துக்கொள்.

பிரச்சினைக்கு எங்கே போவது என்று கேட்காதே. உன் வீட்டிலேயே ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் இருக்கிறார். என் அக்காவிடம், அதான் உங்கள் அம்மாவிடம், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாயா? கொரோனா விடுமுறையில் விட்டுப்போன படிப்பை மீட்க 2022-இல் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் அம்மா என்னிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: அரும்பு நிலையில் இருக்கும் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டால்தான் எங்கே தடுக்குகிறது என்று தெரியும், அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

இதை அப்படியே எடுத்து அழைப்பின் முதல் பத்தியாக வை. இப்படி இருக்கலாம்: ‘ஒரே அறையில் 1, 2, 3 வகுப்புப் பிள்ளைகள்; ஆசிரியர் ஒருவர். அவர் ஒரு பிள்ளையின் வாசிப்பைக் கேட்கும்போது மற்றவர்கள் தாமாகச் செய்யப் பயிற்சித்தாள் வேண்டும். பள்ளியில் இணையம் நிலையாக இல்லை. கறுப்பு வெள்ளை பிரிண்டர் ஒன்று உண்டு. ஆசிரியர் பாடத்திலிருந்து பத்துச் சொற்களைத் தட்டினால் மூன்று நிலைக்கும் மூன்று தாள் வர வேண்டும்.’ யாருக்கு, எந்த இடத்தில், கையில் என்ன இருக்கிறது, எது வந்தால் வேலை முடிந்தது என்று எல்லாம் இதில் வந்துவிட்டது. ‘ஆசிரியர்களுக்கு ஏஐ துணைவன்’ என்று எழுதினால் யாரும் எதையும் காட்டிவிட்டுப் போகலாம். இதில் அது நடக்காது.

சின்ன வேலைதானே என்று நினைப்பாய். அங்கேதான் விஷயமே இருக்கிறது. பைத்தானில் ‘அம்மா’ என்று கொடுத்து, நீளம் கேட்கும் லென் போட்டுப் பார். 5 என்று சொல்லும். யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று அது ஐந்து குறியீடு. பிள்ளைக்கு அது மூன்று எழுத்து. இது தெரியாமல் எழுதிய விளையாட்டு, கட்டத்தை நிரப்பச் சொல்லி ஐந்து கட்டம் காட்டும். ஒரு கட்டத்தில் வெறும் புள்ளி மிதந்துகொண்டிருக்கும். இன்னொன்று: ‘கொக்கு’ என்ற சொல்லின் ‘கொ’வில், க-வுக்குப் பின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு வேறு வேறு. சரியாகத் தட்டிய பிள்ளைக்குத் ‘தவறு’ என்று சிவப்பு விழும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அனுபவப்பட்ட ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் உடனே சொல்லிவிடுவார். இதற்காகத்தான் அந்தக் குழுக்களைக் கூப்பிட வேண்டும் என்கிறேன். சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்க ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நிரலகம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, மெய்யெழுத்து எத்தனை, கொம்பும் காலும் எத்தனை என்று எண்ணினாலே சொற்களை எளிதிலிருந்து கடினத்துக்கு ஓரளவு வரிசைப்படுத்திவிடலாம். மிச்சத்தை உங்கள் அம்மா திருத்துவார்.

இருப்பதன் மேல் கட்டுங்கள் என்று அழைப்பிலேயே எழுது. பிரான்சில் ஒருவர் 2000-இல் தொடங்கிய ஜிகாம்ப்ரி, சின்னப் பிள்ளைகளுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகளோடு இன்று கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவின் கீழ் வளர்ந்து நிற்கிறது. இணையமே இல்லாத பள்ளியில் ஒரு சின்னக் கணினியைச் சர்வராக வைத்துப் பாடங்களைப் பரிமாற கொலிப்ரி இருக்கிறது. இரண்டும் கட்டற்ற மென்பொருள். இவற்றுக்கு ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு குரல்பதிவு, ஒரு பிழைத்திருத்தம் சேர்த்தாலும் அது நாளைக்கும் இருக்கும். நிரல் எழுதத் தெரியாத உன் தோழர்களுக்கும் அங்கே வேலை உண்டு. தெளிவாகத் தமிழ் உச்சரிக்கிற ஒரு பெண்ணின் குரல், இன்னொரு ஆப்பைவிட மதிப்பானது.

கதைகள் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் இருக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவருவதால், எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் போட்டுவிட்டு மாற்றியும் பயன்படுத்தலாம். பாடநூல் விஷயத்தில் மட்டும் கவனம். இலவசமாக இறக்கிக்கொள்வது வேறு, வெட்டி ஒட்டித் திரும்ப வெளியிடும் உரிமை வேறு.

ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘மாணவர் தரவு தரப்படும்’ என்று வரைவில் ஒரு வரி இருக்கிறது, அதை எடுத்துவிடு. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கிடுகிறது. அவர்கள் தரவுக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது முறையில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கத் திணறுகிற ஒலிப்பதிவு யாரோ ஒருவருடைய லேப்டாப்பில் கிடக்க வேண்டிய தேவை என்ன? பெயர், மதிப்பெண், குரல் எதுவும் வேண்டாம். கற்பனையாகப் பத்துப் பிள்ளைகளை உருவாக்கிக்கொண்டு சோதியுங்கள்.

பரிசை என்ன செய்வது என்று கேட்பாய். வைத்துக்கொள், ஆனால் இரண்டாம் நாள் மாலையில் கொடுக்காதே. ஒரு மாதம் கழித்து, வகுப்பில் ஆசிரியர் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிற அணிக்குக் கொடு. நடுவர்களாகப் பேராசிரியர்களுக்குப் பதில் நாலைந்து ஆசிரியர்களை உட்கார வை. நிரல் எங்கே வைக்கப்படும், எந்த உரிமம், அந்த ஒரு மாதம் பிழைகளை யார் பார்ப்பார்கள் என்று அழைப்பில் மூன்று வரி போதும். குழுக்காரர்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள்.

அப்புறம் அந்த 36 மணி நேரம். ராத்திரி தங்க வேண்டும் என்றால் ஆசிரியர்கள் வர மாட்டார்கள். வேலைக்குப் போகிற பெண்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள், வருகிறவர்களின் வீட்டிலும் நூறு கேள்வி. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை இரண்டு நாள் வை. ஆசிரியர்களுக்குப் போக்குவரத்துச் செலவைக் கொடு. டி-ஷர்ட் காசு அதற்குச் சரியாக இருக்கும். தேதி குறிக்கும் முன் எந்தச் சனிக்கிழமை பள்ளிக்கு வேலை நாள், எந்த வாரம் பயிற்சி என்று அக்காவிடம் கேட்டுக்கொள். மார்ச், ஏப்ரல் தேர்வு நேரம், வேண்டவே வேண்டாம். திருத்திய வரைவை எனக்கு அனுப்பும் முன் அவருக்குக் காட்டு. அவர் புரியவில்லை என்று சொல்கிற வரிகளை அடித்துவிட்டு அனுப்பு, நான் எங்கள் ஊர்க் குழுவிலும் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா