சேவற்கொடி வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க

 

பாதயாத்திரை சீசன் வந்துட்டா குரூப்ல முதல்ல வர்ற கேள்வி, "நல்ல சேவல் கொடி எங்க கிடைக்கும்?" என்பதுதான். உடனே பத்து பேர் லிங்க் அனுப்புவாங்க. எந்தத் துணி எடுக்கணும், எந்தக் கம்புல கட்டணும், பழசானா என்ன பண்ணணும்னு யாரும் சொல்றதில்லை. எங்க ஊர் அக்காள்மடம். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவுல, ரெண்டு பக்கமும் கடல். கச்சான் காற்று அடிக்கிற மாசங்கள்ல மொட்டை மாடியில காயப்போட்ட வேட்டியே நிக்காது. பாம்பன் பாலத்துல காற்று வேகம் ஒரு அளவைத் தாண்டினா ரயில் சிக்னலே தானா சிவப்புக்குப் போயிடும். இந்தக் காற்றுக்கும் உப்புக்கும் தாங்குற கொடி தமிழ்நாட்டுல எங்கேயும் தாங்கும். அதனால இந்த விஷயத்துல எங்க தீவுக்காரங்க பேச்சைக் கொஞ்சம் கேட்கலாம்.

முதல்ல கொடியில ஏன் சேவல்? கச்சியப்ப சிவாசாரியார் பாடின கந்தபுராணக் கதை பெரும்பாலானவங்களுக்குத் தெரியும். சூரபத்மன் கடைசியில கடல் நடுவுல மாமரமா நிக்கிறான். வேல் அவனை ரெண்டாப் பிளக்குது. ஒரு பாதி மயில், இன்னொரு பாதி சேவல். மயில் வாகனமாச்சு, சேவல் கொடியாச்சு. தோத்துப்போன எதிரியை அழிச்சு ஒழிக்காம, தன் தலைக்கு மேல உயர்த்திப் பிடிச்சவர் நம்ம முருகன். அந்தக் கொடிக்காகவே அருணகிரிநாதர் 'சேவல் விருத்தம்'னு தனியா ஒரு நூல் பாடியிருக்கார். வேல் விருத்தம், மயில் விருத்தம் படிக்கிற பலர் இதை விட்டுடறாங்க. கொடி வாங்குற அன்னைக்காவது ஒருமுறை படிங்க.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடுவோம். கோயில் கொடிமரத்துல ஏறுற கொடியும் நாம கையில பிடிக்கிற கொடியும் ஒண்ணு இல்லை. பழனியில தைப்பூசத்துக்குப் பெரியநாயகி அம்மன் கோயில்லயும், பங்குனி உத்திரத்துக்குத் திருஆவினன்குடியிலயும் ஏறுறது ஆகம முறைப்படி பூஜை செஞ்ச கொடி. திருச்செந்தூர்ல ஆவணி, மாசித் திருவிழாக்களுக்குக் கொடிப்பட்டத்தை யானை மேல வச்சு வீதி சுத்தி எடுத்துட்டு வருவாங்க. எங்களுக்கு நேர் எதிரே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாழ்ப்பாணம் நல்லூர்ல இன்னும் அழகு. 25 நாள் திருவிழா தொடங்கறதுக்கு முந்தின நாள், செங்குந்தர் மரபுல வந்தவங்க கொடிச்சீலையை ஊர்வலமா எடுத்துப்போய்க் கோயில்ல கையளிப்பாங்க. ஒரு துணிக்கு அவ்வளவு மரியாதை! நம்ம வீட்டுக் கொடிக்கு அந்த விதிகள் எதுவும் இல்லை. ஆனா அந்த மரியாதையில கொஞ்சமாவது இருக்கணும்.

இப்போ கடைக்குப் போவோம்.

துணியைப் பொறுத்தவரை பருத்தியா பாலியஸ்டரா என்பதுதான் முதல் கேள்வி. பூஜை அறைக்கும், ஒருநாள் விழாவுக்கும் பருத்திதான் என் ஓட்டு. கையில பிடிக்கும்போதே தெரியும். ஆனா பருத்தி நனைஞ்சா கனக்கும், மெதுவாத்தான் காயும், சிவப்புச் சாயம் வெயில்ல சீக்கிரம் வெளுக்கும். வாரக்கணக்கா வெளியில பறக்கணும், வண்டியில கட்டணும்னா பாலியஸ்டர் எடுங்க. லேசு, சீக்கிரம் காயும், நிறமும் அதிக நாள் நிக்கும். பளபளன்னு இருக்கிற சாட்டின் போட்டோவுக்கு நல்லா இருக்கும். ஒரு கருவேல முள்ளு பட்டா நூல் இழுத்துக்கும், அதோட முடிஞ்சது. எங்க ராமநாதபுரம் பக்கம் ரோட்டோரம் கருவேலம் எவ்வளவு இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடையில நின்னே ரெண்டு விஷயம் பாருங்க. ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைச்சு, கொடியோட ஓரத்துல அழுத்தித் தேய்ங்க. சிவப்பு ஒட்டினா, மழையில உங்க வெள்ளை வேட்டியிலயும் ஒட்டும். அடுத்தது, சேவல் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கவனிங்க. அது கம்பைப் பார்த்து இருக்கணும். கொடியைப் பிடிச்சுட்டு முன்னால நடக்கும்போது துணி பின்னால பறக்கும். கம்பைப் பார்த்த சேவல் அப்போ நம்மகூட முன்னோக்கி வரும். மாறி அச்சடிச்சிருந்தா சேவல் திரும்பி ஓடுற மாதிரி இருக்கும். ஆன்லைன்ல வாங்குறவங்க போட்டோவை ஜூம் பண்ணி இதைப் பார்த்துட்டு ஆர்டர் போடுங்க. 'ஓம் சரவணபவ' மாதிரி எழுத்து இருந்தா ஒற்றைத் துணியில பின்பக்கம் இடவலம் மாறித் தெரியும். ரெண்டு துணி சேர்த்துத் தைச்சதா வாங்கணும், அது கனமும் கூட. எழுத்தே இல்லாத சேவலும் வேலும் போதும்னு நான் நினைக்கிறேன்.

கொடி எங்க முதல்ல கிழியும்? கம்புக்கு எதிர்ப்பக்கம், அதாவது காற்றுல அடிச்சுக்கிற ஓரம். சாட்டை நுனி மாதிரி அந்த இடம்தான் வேகமா வீசும். அதனால புதுக்கொடி வாங்கின உடனே ஒரு டெய்லர்கிட்ட கொடுத்து, அந்த ஓரத்தை ரெண்டு மடிப்பா மடிச்சு மூணு வரி தையல் போடச் சொல்லுங்க. மூலைகள்ல ஒரு சின்ன முக்கோணத் துணி வச்சுத் தைச்சா இன்னும் நல்லது. செலவு கொஞ்சம்தான், கொடியோட ஆயுசு நல்லா கூடும்.

பைக்ல கட்டுறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. காற்றோட வேகம் ரெண்டு மடங்கானா, அது துணி மேல கொடுக்கிற விசை நாலு மடங்காகும். வேகம் மூணு மடங்கானா ஒன்பது மடங்கு. 20-ல நடக்குற காற்றுக்குத் தாங்குற கொடி, நீங்க 60-ல ஓட்டும்போது ஒன்பது மடங்கு அடி வாங்குது. இங்கேருந்து திருச்செந்தூர் 200 கிலோமீட்டருக்கு மேல. போய்ச் சேரும்போது கம்புல பாதிக் கொடி மிஞ்சியிருந்தா ஆச்சரியம். வண்டிக்கு ஒரு அடிக்கு முக்கால் அடி அளவு போதும். பின்னால வர்றவரோட முகத்துல அடிக்காத இடத்துல கட்டுங்க. பெரிய கொடியை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, ஊர் எல்லையில இறங்கி விரிச்சுக்கலாம்.

அடுத்து கம்பு. இந்தப் பகுதியை மட்டும் தயவுசெஞ்சு வேகமாத் தள்ளிட்டுப் போயிடாதீங்க.

இப்போ ஒரு பழக்கம் வந்திருக்கு. பதினஞ்சு, இருபது அடி ஜி.ஐ. பைப்புல கொடி கட்டி, அதை மினி லாரி மேல நிறுத்தி, பக்கத்துல நாலு தம்பிங்க நின்னுட்டு வர்றது. பார்க்க கெத்தாத்தான் இருக்கு. ஆனா தெருவுக்குக் குறுக்கே போற மின்கம்பியில 11,000 வோல்ட் இருக்கலாம். ரயில்வே கேட்டுல மேலே போற கம்பியில 25,000 வோல்ட். அந்த அளவு மின்சாரத்துக்குத் தொடக்கூட வேண்டாம், ரொம்பப் பக்கத்துல போனாலே தாவும். இரும்புக் கம்பு அதை நேரா கையில கொண்டுவந்து சேர்த்துடும். "நாங்க மூங்கில்தான் வச்சிருக்கோம்"னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை: காஞ்ச மூங்கில் வேற, மழையிலயும் பனியிலயும் நனைஞ்ச மூங்கில் வேற. தைப்பூச நடையில விடியக்காலைப் பனி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

அதனால நடக்கிறவங்க கம்பு ஏழு எட்டு அடிக்கு மேல வேண்டாம். கேட்டையோ தாழ்வான கம்பியையோ கடக்கும்போது கொடியைச் சாய்ச்சுப் பிடிங்க. சாய்ச்சா மரியாதைக் குறைவுன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. கோபுர வாசலைத் தாண்டுறதுக்கு உற்சவர் குடையையே சாய்க்கிறாங்களே! குழுவுல பெரியவங்க யாராவது ஒருத்தர் முன்னால நடந்து கம்பியைப் பார்த்துக் குரல் கொடுக்கணும். ராத்திரி நடந்தா கம்புல மினுங்கும் ஸ்டிக்கர் ரெண்டு வரி சுத்திடுங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில லாரிக்காரருக்குச் சிவப்புத் துணி இருட்டுல கறுப்பாத்தான் தெரியும்.

கொடியில வேற எதையும் சேர்க்காதீங்க. சாதி நிறம், கட்சிக் கரை, நடிகர் படம் எதுவும் வேண்டாம். எங்க கடற்கரையில ராமேஸ்வரம் கோயில்ல ஆடித் திருக்கல்யாணத்துக்குக் கொடி ஏறும், ஏர்வாடி தர்காவுல சந்தனக்கூட்டுக்குக் கொடி ஏறும், கச்சத்தீவு அந்தோணியாருக்குக் கொடி ஏறும். எல்லாத்தையும் எல்லாரும் பார்க்குறாங்க. எதிரியையே கொடியில ஏத்தினவரோட கொடியைப் பிடிச்சுட்டு அடுத்த தெருக்காரனை முறைக்கிறது எனக்கு ஒட்டவே இல்லை.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. கடல் காற்றுல பறந்த கொடியை அப்படியே மடிச்சு வச்சா, அதுல படிஞ்ச உப்பு ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். பூஞ்சணம் பிடிக்கும், மடிப்புல துணி இத்துப்போகும். நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. முறுக்கிப் பிழியாம நிழல்ல காயப்போடுங்க. நல்லாக் காஞ்சதும் மடிக்காம சுருட்டி, காஞ்ச வேப்பிலையோட பருத்திப் பையில வைங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். கயிறு கோக்குற ஐலெட் பித்தளையா இருக்கட்டும். இரும்பா இருந்தா எங்க ஊர்ல சீக்கிரமே துருக்கறை துணியில இறங்கிடும். ஓரம் பிரிய ஆரம்பிச்சா உடனே அந்த அரை இஞ்ச்சை வெட்டி மறுபடி மடிச்சுத் தைச்சுடுங்க. விட்டுட்டா நடு சேவல் வரைக்கும் கிழிஞ்சு வந்துரும்.

பழைய கொடியை என்ன பண்றது? தேசியக் கொடிக்கு 2002 கொடி விதித்தொகுப்புல வழி சொல்லியிருக்கு. சேவற்கொடிக்கு அப்படி எழுதின சட்டம் எதுவும் இல்லை. அதனால நிறையப் பேர் அக்னி தீர்த்தத்துல விட்டுடறாங்க. தயவுசெஞ்சு கடல்ல விடாதீங்க. பாலியஸ்டர் கரையாது. வலையில சிக்கும், படகு விசிறியில சுத்தும், ஆமை வாயில போகும். மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவுகளைச் சுத்தின கடல் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அந்தக் கடல்லதான் எங்க ஊர்க்காரங்க தொழிலுக்குப் போறாங்க. பருத்திக் கொடியா இருந்தா வீட்டு மரத்தடியில கால் படாத இடத்துல குழி தோண்டிப் புதைச்சிடுங்க, மக்கிடும். பாலியஸ்டரை எரிக்க வேண்டாம், புகை நல்லதில்லை. சேவல் படத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பூஜை அறையில வச்சுக்கலாம். மிச்சத் துணியை ரிப்பன் ரிப்பனா வெட்டி, அடுத்த வருஷக் காவடி மூட்டையைக் கட்ட எடுத்து வைங்க.