வானவழியும் மணிக்கணக்கும்

இரண்டு நகரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அறிந்தால் பிரயாண காலத்தையும் எளிதில் அறியலாம் என்பது பலருடைய எண்ணம். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைத் திருத்திய நிகழ்ச்சியொன்றை முன்னிட்டே இவ்வியாசம் எழுதலாயிற்று.

ஆரணியை அடுத்த சேவூர் எமதூர். பட்டுத் தறிகளின் ஓசையிடையே பொழுது விடியும் ஊர். சென்ற ஆண்டு என் பாட்டனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சிங்கப்பூரிலுள்ள என் சிறிய தகப்பனார், மறுநாட் காலை 9 மணிக்குத் தம் விமானம் புறப்படுமென்றும், சென்னைக்கு 4 மணி நேரப் பிரயாணம் என்றும் செய்தி விடுத்தார். வீட்டில் கல்லூரியிற் பயில்வோன் யானொருவனே. ஆகவே கணக்கு என்னிடம் விடப்பட்டது. ஒன்பதோடு நான்கைக் கூட்டி, பிற்பகல் 1 மணிக்கு வண்டி விமான நிலையத்தில் இருந்தாற் போதுமென்றேன். அடக்க ஆராதனை மாலை 5 மணிக்கெனக் குறிக்கப்பட்டது.

விமானமோ 10.30 மணிக்கே இறங்கிவிட்டது. வழியில் வந்துகொண்டிருந்த வண்டியை நோக்கி அவர் வாயிலிலேயே நின்றார். வீடு வந்து சேர்ந்தபொழுது, தந்தையின் முகத்தருகே அமர்ந்திருக்க அவருக்கு எஞ்சியது கால் மணி நேரமே.

பிழை யாது? அவர் சொன்ன 9 மணி சிங்கப்பூர்க் கடிகாரத்தின் 9 மணி. அப்பொழுது சேவூரில் காலை 6.30.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றமையால், ஒரு பாகைக்கு 4 நிமிடம் ஆகின்றது. கிழக்குத் தீர்க்கரேகையில் சென்னை ஏறக்குறைய 80 பாகையிலும், சிங்கப்பூர் 104 பாகையிலும் உள்ளன. இடையே 24 பாகை. ஆகவே சூரியக் கணக்கில் வேறுபாடு 96 நிமிடமே. ஆனால் கடிகாரங்களின் வேறுபாடு 150 நிமிடம். காரணம், இந்தியா முழுதும் 82½ பாகைக்குரிய நேரத்தைக் கொண்டுள்ளது. சிங்கப்பூரோ 1982 முதல் 120 பாகைக்குரிய நேரத்தைக் கொண்டுள்ளது. இடைப்பட்ட 37½ பாகையை நான்கால் பெருக்க, 150 நிமிடம் வரும். எனவே, கணக்கிடுவோர் சூரியனை மட்டும் நோக்கினாற் போதாது. அவ்வந்நாட்டு அரசாங்கம் வகுத்த நேரத்தையும் அறிதல் வேண்டும்.

இனி, தூரத்தை நோக்குவோம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வானவழித் தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். 1926-ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னுங் கப்பல், நாகப்பட்டினம், பினாங்கு முதலிய துறைகளைத் தொட்டு இக்கடலைக் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இன்று விமானம் நான்கு மணி நேரத்திற் கடக்கின்றது. எதிர்க்காற்று வலுத்தால் காலம் சற்று நீளும். ஆனால் சென்னையிலிருந்து சேவூருக்கு உள்ள 140 கிலோமீட்டரைக் கடக்க எம் வண்டிக்கு மூன்றரை மணி நேரம் ஆயிற்று! பாவின் நீளத்தை மட்டுங் கண்டு, சேலை அறுக்கும் நாளை எம்மூர் நெசவாளர் சொல்லமாட்டார். கரையின் வேலைப்பாட்டையுங் கேட்டே சொல்வர். பிரயாணமும் அத்தகையதே.

ஆதலின், புறப்படும் நேரத்தை முதலில் நம் நேரமாக மாற்றுக. அதனோடு பறக்கும் காலத்தைக் கூட்டுக. பின்னர்த் தரைவழிக் காலத்தைச் சேர்க்க. சென்னையிற் காலை 9 மணிக்குப் புறப்படுவோர் நான்கு மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் இறங்கும்பொழுது அங்கே பிற்பகல் 3.30 ஆகியிருக்கும்.

சிறிய தகப்பனார் திரும்பிச் செல்லுகையில் இம்முறையே கணக்கிட்டுச் சொன்னேன், பிழைக்கவில்லை. அவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும், தூரதேசத்து உறவினரை எதிர்கொள்ளச் செல்லும் நண்பர்கள், "எந்த ஊர் மணி?" என்று முதலிற் கேட்டறிவார்களாக.