பருகத் தக்கவை

உணவின்றிப் பல நாள் உயிர் தரித்தோர் உண்டு. நீரின்றி அவ்வாறு வாழ்தல் அரிது. வளர்ந்த மனிதனின் உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு நீரே ஆகும். குருதியை ஓடச் செய்வதும், கழிவுகளைச் சிறுநீராக வெளியேற்றுவதும், வியர்வையாகி உடலைக் குளிர்விப்பதும் அந்நீரின் தொழில்களாம்.

கோடை வெயிலில் ஏர் பிடிக்கும் உழவனை நோக்குமின். அவன் உடலினின்றும் வழிவது நீர் மட்டுமன்று. உப்பும் உடன் செல்கின்றது. ஆதலின், இழந்த இரண்டையும் ஈடு செய்வதே அவனுக்கு நற்பானமாகும். உப்பிட்ட நீர்மோரும், பழஞ்சோற்றில் ஊறிய நீராகாரமும் நம் முன்னோர் கண்ட எளிய வழிகள். இளநீரும் நன்றே, எனினும், அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. நிழலில் அமர்ந்து பயிலும் மாணவர்க்குத் தூய தண்ணீரே போதும். தேநீரும் காப்பியும் அளவோடு பருகின் உடல்நீரைக் குறைப்பதில்லை. சர்க்கரை மிகுந்த புட்டிப் பானங்களோ வயிற்றுப்போக்கின்போது குடலுக்குள் நீரை ஈர்த்து, நோயை மிகுவிக்கும்.

சிறிது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர் காத்த வரலாறு ஒன்று உண்டு. 1971-ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போரின்போது, எல்லை கடந்து வந்த ஏதிலிகள் மேற்கு வங்கத்துப் பன்காவ் நகரில் திரண்டனர். அவர்களிடையே வாந்திபேதி பரவிற்று. நரம்பின் வழியே செலுத்தும் உப்புநீரோ தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் மனந்தளரவில்லை. உப்பு, குளுக்கோசு, சமையல் சோடா ஆகியவற்றைக் குடிநீரிற் கலந்து, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு ஏறக்குறைய 30 ஆக இருந்த இறப்பு, அந்நீரைப் பருகியோரிடையே 4-க்கும் கீழே இறங்கிற்று.

இதன் காரணம் யாது? சிறுகுடலின் சுவரில் குளுக்கோசும் சோடியமும் இணைந்தே உட்புகுகின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கின்றது. உப்பையும் குளுக்கோசையும் உரிய அளவிற் சேர்த்தால், நோயுற்ற குடலும் நீரை ஏற்கும்.

வயிற்றுப்போக்குக் கண்டவர்க்கு மருந்தகத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியே சிறந்தது. அது கிட்டாவிடின், கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் மட்டமாக அளந்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டல் வேண்டும். அளவு மிகின் தீங்காம். நோயாளி சோர்ந்து மயங்குவாராயின், மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

விலை உயர்ந்ததே நலம் தருவது என்று எண்ணற்க. உடல் இழந்தது எது என்று அறிந்து, அதனை அளிப்பதே அறிவுடைமை.